பெரிய மேடைக்கு அப்பால்: புளூகிராஸ் இசைவிழாக்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம்.

பிடில், மாண்டலின், கிட்டார் முதலிய தந்திக்கருவிகளோடு பாடப்படும் அமெரிக்க இசைவகை புளூகிராஸ். அமெரிக்காவில் நடைபெறும் புளூகிராஸ் இசைவிழா ஒன்றின் நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்தால், முதலில் கண்ணில் படுபவை மாலையிலும் இரவிலும் பெரிய மேடையில் வாசிக்கவிருக்கும் புகழ்பெற்ற குழுக்களின் பெயர்கள்தாம். அவற்றுக்குக் கீழே, சிறிய எழுத்தில், காலையில் மாண்டலின் பயிற்சிப் பட்டறை, அடுத்த மணியில் சிறுவர் கூடாரத்தில் பிடில் அறிமுகம், பிற்பகலில் புதியவர்களுக்கான நிதானமான கூட்டுவாசிப்பு, பிறகு நடனக் கூடாரம் என்று ஒரு நீண்ட வரிசை இருக்கும். இன்று நான் பேச விரும்புவது அந்தச் சிறிய எழுத்துகளைப் பற்றித்தான். இந்த இசை ஒரு தலைமுறையின் கையிலிருந்து அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்ச் சேர்வது பெரிய மேடையில் அன்று, அந்தக் கூடாரங்களில்தான் என்பது என் உறுதியான கருத்து.

புளூகிராஸ் மிகப் பழைய இசை அன்று. வானொலி பிறந்த பின்னர் வானொலி வழியாகவே பரவிய இசை. கென்டக்கி மாநிலத்தில் ரோசின் என்ற சிற்றூரை அடுத்துப் பிறந்த பில் மன்ரோ, 1939-ஆம் ஆண்டு நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' வானொலி நிகழ்ச்சியில் தம்முடைய 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவுடன் இடம்பெற்றார். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இருபத்தொரு வயது இளைஞர் அந்தக் குழுவில் சேர்ந்து, கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றாலும், தோல் போர்த்திய வட்ட முகமுடைய பாஞ்சோ என்ற தந்திக்கருவியை இடைவிடாமல் மீட்டிய முறை கேட்டவர்களை வியக்கச் செய்தது. மன்ரோவின் மாண்டலின், ஸ்க்ரக்ஸின் பாஞ்சோ, லெஸ்டர் ஃபிளாட்டின் கிட்டார், அவற்றுடன் பிடிலும், நின்றபடி வாசிக்கும் பெரிய தந்திக்கருவியான பாஸும் சேர்ந்த அந்தக் கூட்டணியே இவ்விசைக்கு இன்றுவரை இலக்கணமாக நிற்கிறது. அந்தக் குழுவின் பெயரே பின்னாளில் இசைக்கும் பெயராயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களிடமிருந்து வந்த பாஞ்சோவும், ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்த பிடிலும் ஒரே குழுவில் அருகருகே ஒலிக்கின்றன என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

மாண்டலின் என்றதும் நம் நேயர்களுக்கு உ. ஸ்ரீநிவாஸ் அவர்களின் நினைவு வரும். அவர் கர்நாடக இசையின் கமகங்களுக்காக மின்மாண்டலினைத் தெரிந்தெடுத்து, தந்திகளையும் ஐந்தாகக் குறைத்துக்கொண்டார். மன்ரோ வாசித்ததோ 1923-இல் கிப்சன் நிறுவனம் செய்த, இரண்டிரண்டாகச் சேர்ந்த எட்டுத் தந்திகளும் மின்னிணைப்பு ஏதும் இல்லாத மரவுடலும் கொண்ட மாண்டலின். மரபான புளூகிராஸில் பறையோ டிரம்ஸோ கிடையாது. தாளத்தை நிலைநிறுத்தும் பொறுப்பைப் பாஸும் மாண்டலினும் பகிர்ந்துகொள்கின்றன. பாஸ் அடிக்கும் அடிகளுக்கு இடைப்பட்ட அடிகளில் மாண்டலின் 'சக்' என்று வெட்டி ஒலிக்கும்.

இந்த இசையைப் பெரும்பாலோர் சுரக்குறிப்பைப் பார்த்துக் கற்பதில்லை. காதால் கேட்டு, கையைப் பார்த்துக் கற்கிறார்கள். பாடல் ஒருமுறை பாடப்பட்டதும், ஒவ்வொரு கருவிக்காரரும் முறைவைத்து முன்வந்து அந்த மெட்டைத் தம் போக்கில் விரித்து வாசிக்க வேண்டும். ஆகவே வாசிப்பவரின் விரல்கள் தெரியும் தூரத்தில் அமர்வது கற்பவருக்கு இன்றியமையாதது. விழாவின் அமைப்பு முழுவதையும் விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல் இதுவே.

பலநாள் புளூகிராஸ் விழா என்ற வடிவம் 1965 செப்டம்பர் தொடக்கத்தில், வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகருக்கு அருகிலுள்ள ஃபின்காசில் என்ற ஊரின் குதிரைப் பண்ணையொன்றில் தோன்றியது. அதற்கு முன்னும் ஞாயிற்றுக்கிழமைப் பூங்காக்களில் ஒருநாள் நிகழ்ச்சிகள் நடந்ததுண்டு. ஆனால் அமெரிக்காவில் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறையின் மூன்று நாள்களையும் புளூகிராஸுக்கே ஒதுக்கியவர் கார்ல்ட்டன் ஹேனி என்ற நிகழ்ச்சி அமைப்பாளர். மன்ரோவின் குழுவில் பல்வேறு காலங்களில் வாசித்துப் பிரிந்து சென்றவர்களை ஒரே மேடைக்கு அழைத்து, ஒருவர்பின் ஒருவராக அவரோடு வாசிக்கச் செய்து, இந்த இசையின் வரலாற்றை இசையாகவே சொல்ல வைத்தார் அவர். நான் அதைவிடவும் பெரிதாகக் கருதுவது வேறொன்று: அந்த முதல் விழாவிலேயே கருவிகளுக்கான பட்டறைகளும் நடைபெற்றன. கற்பித்தல் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட அலங்காரம் அன்று, விழாவோடு உடன்பிறந்தது. மன்ரோவே 1967-இல் இண்டியானா மாநிலத்தின் பீன் பிளாசம் என்ற ஊரிலிருந்த தம்முடைய பூங்காவில் ஒரு விழாவைத் தொடங்கினார். அதன்பின் நாடெங்கும் விழாக்கள் பெருகின.

இவற்றுள் மேடை அமைப்பைச் சிந்தித்துச் செய்த விழா என்று நான் மதிப்பது, வட கரோலினாவின் வில்க்ஸ்போரோ நகரில் ஏப்ரல் இறுதியில் நான்கு நாள்கள் நடைபெறும் மெர்ல்ஃபெஸ்ட். அதன் தோற்றம் துயரத்தில் இருக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த மாபெரும் கிட்டார் கலைஞர் டாக் வாட்சனோடு பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று வாசித்த அவருடைய மகன் மெர்ல், 1985 அக்டோபரில் டிராக்டர் விபத்தில் இறந்துபோனார். அவர் நினைவாக வில்க்ஸ் சமுதாயக் கல்லூரி வளாகத்தில் ஒரு தோட்டம் அமைக்க நிதி திரட்டும் பொருட்டு 1988-இல் நடத்தப்பட்ட கச்சேரியே இவ்விழாவின் தொடக்கம். பார்வையற்றவர்களும் மணத்தாலும் தொடுகையாலும் துய்க்கும்படி அந்தத் தோட்டம் அமைக்கப்பட்டது. முதல் ஆண்டில் பக்கப்பலகை இல்லாத இரண்டு லாரிகளின் தளங்களே மேடையாயின. இன்றோ வளாகமெங்கும் பத்துக்கும் மேற்பட்ட மேடைகள் எழுகின்றன. விழாவின் வருவாய் கல்லூரியின் அறக்கட்டளைக்குச் செல்கிறது.

அந்த மேடைகளை யாரோ ஒருவர் காதுகொண்டு வரைந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றும். வாட்சன் பெயரைத் தாங்கிய பெரிய மேடைக்குப் பக்கத்திலேயே, மலைநாட்டு மரவீட்டின் திண்ணையைப்போல ஒரு சிறிய மேடை இருக்கிறது. பெரிய மேடையில் ஒரு குழு இறங்கி அடுத்த குழுவுக்கு ஒலிவாங்கிகளை மாற்றும் நேரத்தில், இந்தச் சிறிய மேடையில் ஒருவரோ இருவரோ நின்று வாசிப்பார்கள். கூட்டம் கலையாது, காத்திருக்கும் நேரம் இன்னும் பெயர் பெறாத ஓர் இளம் கலைஞரின் வாய்ப்பாக மாறிவிடும். மலைச்சரிவில் ஒரு மேடை, ஓடைக்கரையில் ஒரு மேடை, பழைய மலைநாட்டு இசைக்கென்று தனியாக ஒரு மேடை, மரத்தளம் போட்ட நடனக் கூடாரம், மழையானாலும் வெயிலானாலும் அமர்ந்து கேட்கக் கல்லூரியின் உள்ளரங்கம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. நடனக் கூடாரத்தில் ஒருவர் அடுத்தடுத்த அசைவுகளை உரக்க அறிவிக்க, அதுவரை ஆடியே பழகாதவர்களும் கைகோத்து ஆடுவார்கள். டாக் வாட்சன் 2012-இல் மறையும் வரை, ஞாயிறு காலையில் ஓடைக்கரை மேடையில் அவர் பங்குகொண்ட பக்திப் பாடல்களின் நேரம் பலருக்கு நான்கு நாள்களிலும் உச்சமாக இருந்தது.

மரபிசையோடு தமக்குப் பிடித்த பிற இசைகளையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்பது டாக் வாட்சனின் கொள்கை. இதனால் விழாவில் புளூகிராஸ் நீர்த்துப்போகிறது என்று குறைகூறும் தூயவாதிகள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. வாட்சனின் கலையே அப்படிப் பிறந்ததுதான்: 1950-களில் அவர் வாசித்த நடனக் குழுவில் பிடில்காரர் இல்லாததால், பிடிலுக்குரிய விரைவான மெட்டுகளை அவர் கிட்டாரில் வாசிக்கப் பழகினார். அதுவரை பெரும்பாலும் துணைக்கருவியாகவே இருந்த கிட்டார் முன்னே வந்து தனித்து வாசிப்பதற்கு அந்தப் பழக்கமும் பெரிய காரணமாயிற்று. எல்லை கடந்து பிறந்த ஒன்றுக்கு எல்லை வகுப்பது பொருந்தாது.

இனிப் பட்டறைகளுக்கு வருகிறேன். பட்டறை என்பது பெரும்பாலும் ஒரு சிறிய கூடாரம், நான்கைந்து நாற்காலிகள், அவற்றில் வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்த ஒரே கருவிக்காரர்கள், எதிரில் மடியில் தங்கள் கருவிகளோடு அமர்ந்திருக்கும் மக்கள், அவ்வளவுதான். முந்தைய இரவு ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வாசித்த மாண்டலின்காரர், மறுநாள் காலையில் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து, அந்த 'சக்' ஒலி எப்படிப் பிறக்கிறது என்று காட்டுவார். வலக்கை தந்தியை அடித்த மறுகணம் இடக்கை விரல்கள் எழாமலே அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். சற்று முந்தினால் ஒலியே எழாது. சற்றுப் பிந்தினால் ஒலி நீண்டு தாளம் கலங்கும். இதை எந்த ஒலித்தட்டாலும் கற்பிக்க முடியாது. கண்ணால் கண்டு உடனே தன் கையால் செய்து பார்க்க வேண்டும். பிறகு ஒரே மெட்டை அந்தக் கலைஞர்கள் தனித்தனியே வாசிக்கும்போது, ஒருவர் மெட்டை ஒட்டியே செல்வதும், மற்றவர் விலகி அலைந்து திரும்புவதும் தெளிவாகத் தெரியவரும். ஒரே மெட்டுக்குச் சரியான வழி ஒன்றே என்ற எண்ணம் மாணவரின் மனத்திலிருந்து அகன்றுவிடும்.

கொலராடோ மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 8,750 அடி உயரத்திலுள்ள டெல்லுரைடு என்ற மலையூரில் 1974 முதல் ஜூன் மாதத்தில் நடைபெறும் விழாவில் இன்னொரு நல்ல வழக்கம் இருக்கிறது. பெரிய மேடைக்கு நுழைவுச்சீட்டு வேண்டும். ஊர் நடுவே எல்க்ஸ் பூங்காவில் நடக்கும் பட்டறைகளை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். விழா வளர வளர நுழைவுச்சீட்டின் விலை எட்டாத உயரத்துக்குப் போவது எங்கும் காணப்படும் கவலை. அந்நிலையில் கற்பித்தலையாவது கட்டணமின்றி வைத்திருப்பது பாராட்டத்தக்கது.

சிறுவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பல விழாக்களில் சிறுவர் பகுதி என்றால் முகத்தில் வண்ணம் தீட்டுதலும் பொம்மலாட்டமும் கதைசொல்லலும் இருக்கும். அவை வேண்டியவைதாம்; ஆனால் அவை மட்டுமே போதா. நல்ல விழாக்களில், சிறிய அளவுப் பிடிலையும் மாண்டலினையும் பாஞ்சோவையும் மேசையில் பரப்பி வைத்து, எந்தக் குழந்தையும் எடுத்து மீட்டிப் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். 'தொடாதே' என்ற சொல் அங்கே ஒலிப்பதில்லை. மெர்ல்ஃபெஸ்டில் சிறுவர்களுக்கென்றே ஒரு மேடை இருப்பதோடு, கலைஞர்கள் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கே சென்று வாசிக்கும் ஏற்பாடும் உண்டு.

நியூயார்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் மலைகளின் பக்கம், ஓக் ஹில் என்ற ஊரின் பண்ணை நிலத்தில் ஜூலை மாதம் நடக்கும் கிரே ஃபாக்ஸ் விழா இதில் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. எட்டு முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் விழா நாள்களில் காலைதோறும் கருவிவாரியாகப் பிரிந்து பயில்கிறார்கள். பின்னர் ஒன்றுகூடிச் சேர்ந்து வாசிக்கப் பழகுகிறார்கள். விழா முடிவதற்குள் பெரிய மேடையிலேயே ஏறி வாசிக்கிறார்கள். மூலையில் ஒதுக்கப்பட்ட சிறுவர் மேடையில் அன்று, புகழ்பெற்றவர்கள் நின்ற அதே பலகைகளின்மேல். அந்தப் பிள்ளைகளுக்கு அது வெறும் பரிசாக அமைவதில்லை. இந்த இசையில் தங்களுக்கும் இடமுண்டு என்ற உரிமையாக அமைகிறது. பன்னாட்டு புளூகிராஸ் இசைச் சங்கமும் தன் ஆண்டுவிழாவில் சிறுவர்களுக்கென்று இத்தகைய மேடையொன்றைப் பல்லாண்டுகளாக நடத்தி வருகிறது. அத்தகைய மேடைகளில் சிறுமியாக வாசித்து வளர்ந்தவர் சியரா ஹல். அந்தச் சங்கத்தின் 'ஆண்டின் சிறந்த மாண்டலின் கலைஞர்' விருதை 2016-இல் பெற்ற அவரே, அவ்விருதைப் பெற்ற முதல் பெண்ணும் ஆவார்.

எந்த நிரலிலும் அச்சிடப்படாத ஒன்றும் உண்டு. பெரிய மேடையின் விளக்குகள் அணைந்த பிறகு, கூடாரமடித்துத் தங்கியிருப்பவர்கள் வட்டமாகக் கூடி விடியும் வரை வாசிக்கும் 'ஜாம்' அது. அதற்கு எழுதாத விதிகள் இருக்கின்றன. தொடங்குபவர் பாடலின் பெயரையும் சுருதியையும் அறிவிக்க வேண்டும். தனி வாசிப்பு வட்டத்தில் ஒருவர்பின் ஒருவராகச் செல்லும். வேண்டாதவர் தலையசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடலாம். ஒருவர் தனித்து வாசிக்கும்போது மற்றவர்கள் ஒலியைத் தாழ்த்த வேண்டும். பாடல் முடியப்போகிறது என்பதைத் தொடங்கியவர் காலைத் தூக்கிக் காட்டுவார். ஒரு வட்டத்துக்கு ஒரு பாஸ் போதும். வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவர் வட்டத்துக்கு வெளியே நின்று மெதுவாகச் சேர்ந்து வாசிக்கலாம். அவரை யாரும் விரட்டமாட்டார்கள். அவ்வாறு நிற்கவும் தயங்குபவர்களுக்காகவே, பகலில் ஓர் ஆசிரியரின் துணையோடு நிதானமான ஜாம் ஏற்பாடு செய்யப்படுகிறது. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் 'கார்டு' என்ற சுரக்கூட்டுகளில் மூன்றே மூன்று தெரிந்தால் போதும், அதில் கலந்துகொள்ளலாம்.

அந்த நாட்டில் வாழும் நேயர்களோ, அங்குள்ள பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரோ இவ்விழாக்களில் ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தால், ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இரவுக் குழுக்களின் பெயர்களைப் பார்ப்பதற்கு முன் பட்டறைகளின் நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் உடன் வந்தால் அவர்களைக் காலையிலேயே சிறுவர் கூடாரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பிற்பகல் வெயிலில் குழந்தைகள் சோர்ந்துவிடுவார்கள். மடக்கு நாற்காலியும் தொப்பியும் மழையங்கியும் எடுத்துச் செல்லுங்கள். கேட்ஸ்கில் பக்கத்து ஜூலையிலும் சரி, வட கரோலினாவின் ஏப்ரலிலும் சரி, வானத்தை நம்ப முடியாது. வீட்டில் எவரிடமாவது கிட்டாரோ வயலினோ இருந்தால், எவ்வளவு குறைவாக வாசிக்கத் தெரிந்திருந்தாலும் அதையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.