தக்காளிக்கும் பூசணத்துக்கும் நடக்கும் ஓலைச் சண்டை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறும் நம் மொரிஷியஸ் வீடுகளில், கிரியோலில் பொம்தாமூர் என்று நாம் அழைக்கும் தக்காளி இல்லாத சமையலை நினைப்பது கடினம். அந்தத் தக்காளியைக் கூடையில் சில நாள் மறந்துவிட்டால், காம்புப் பக்கம் சாம்பல் நிறப் பஞ்சு போலப் பூசணம் படர்வதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அப்படிப் படர்வனவற்றில் பெயர்பெற்றது பொட்ரைடிஸ். இருநூறுக்கும் மேற்பட்ட செடியினங்களைத் தாக்கக்கூடியது.

செடியின் மரபணு ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லி அனுப்பும் கட்டளையை, பழைய அரசர்கள் அனுப்பிய ஓலை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த ஓலை ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறால் ஆனது. ஏறத்தாழ 21 முதல் 24 எழுத்துகளே நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ., ஆர்கொனாட் என்னும் புரதத்தோடு சேர்ந்து, தன் எழுத்துகளுக்குப் பொருந்தும் ஓலையைத் தேடிப் பிடித்து நறுக்கிவிடுகிறது. ஓலை போய்ச் சேராவிட்டால் புரதமும் உருவாகாது.

இதைச் சொல்லும்போதெல்லாம் பெட்டூனியாப் பூவின் கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. என் மனைவிக்கு இது மனப்பாடமாகிவிட்டது. 1990இல் வெளிவந்த ஆய்வு அது. ஊதாப் பூவின் நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க எண்ணி, நிறமிக்கான மரபணுவைக் கூடுதலாகச் செடிக்குள் புகுத்தினார்கள். பூத்ததோ வெள்ளைப் பூ; சிலவற்றில் ஊதாவும் வெள்ளையும் கலந்த கோலம். கூடுதலாகக் கொடுத்தது, ஏற்கெனவே இருந்ததையும் சேர்த்து அடக்கிவிட்டது. காரணம் விளங்காமல் பலர் திகைத்தனர். 1998இல் ஃபயர், மெல்லோ என்னும் ஆய்வாளர்கள் ஒரு சிறு புழுவில் இரட்டை இழை ஆர்.என்.ஏ. மரபணுவை அடக்குவதைக் காட்டினார்கள். 2006இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. செடிகளில் இந்த அடக்குதலைச் செய்யும் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளை 1999இல் ஹாமில்டனும் பால்கோமும் கண்டெடுத்தார்கள். தோற்றுப்போன பூ ஆய்வு என்று அதை ஒதுக்கியிருந்தால் இன்றைய உரைக்கே இடமில்லை.

இனி பூசணத்துக்கு வருவோம். 2013இல் தெரியவந்த செய்தி இது: பொட்ரைடிஸ் தன் சிறு ஆர்.என்.ஏ.க்களைச் செடியின் உயிரணுக்களுக்குள் அனுப்பி, செடியின் ஆர்கொனாட்டையே வசப்படுத்தி, எதிர்ப்பாற்றலுக்கான ஓலைகளை நறுக்குகிறது. வீட்டுக் கத்தியை எடுத்தே வீட்டாரை வெட்டும் திருடன் அது. செடியும் வாளாவிருப்பதில்லை. பருத்திச் செடி வெர்ட்டிசிலியம் வாடல் பூசணத்துக்குள் தன் சிறு ஆர்.என்.ஏ.வைச் செலுத்துவதை 2016இலும், கடுகுக் குடும்பத்துச் சிறு செடியொன்று கொழுப்புச் சவ்வால் ஆன நுண்பைகளில் அவற்றைப் பொட்டலம் கட்டிப் பொட்ரைடிசுக்கு அனுப்புவதை 2018இலும் காட்டினார்கள். ஓலைகளை நறுக்கும் வேலை இரு பக்கமும் நடக்கிறது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்படியானால் நாமே அந்த ஆர்.என்.ஏ.வைச் செய்து தெளிக்கலாமே என்று கேட்பீர்கள். 2016இல் தக்காளி, திராட்சை, வெங்காயம், ரோஜா இதழ் ஆகியவற்றின்மேல் தெளித்துப் பார்த்தபோது பொட்ரைடிஸ் பரவுவது குறைந்தது. ஆனால் வெயிலிலும் மழையிலும் அது விரைவில் சிதைந்துவிடுகிறது; எல்லாப் பூசணங்களும் அதை உள்ளே இழுத்துக்கொள்வதுமில்லை. கோதுமை இலைப்புள்ளிப் பூசணம் ஏறக்குறைய இழுப்பதேயில்லை.

கரும்பைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கரும்பின் நுனியில் கரிப்பூட்டை என்னும் பூசண நோயின் சாட்டை போன்ற கறுப்புத் தண்டைக் கண்டால் வெறுங்கையால் பிடுங்காதீர்கள், முதலில் சாக்கால் மூடிவிட்டுத் தூரோடு தோண்டி எரியுங்கள், அந்தத் தூரிலிருந்து நடவுக்குக் கரணை எடுக்கவும் வேண்டாம். வணக்கம்.