சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம்: கைபேசி வழி மருத்துவம் எங்கே உதவும்?

[காட்சி: விடியற்காலை, வேதாரண்யம் பேருந்து நிலையம்]

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், சிறுநீரக மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு முழு நாள் போய்விடுகிறது. நடவுக் காலமாக இருந்தால் அன்றைய கூலியும் போய்விடுகிறது. ஆகவே பலர் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். சர்க்கரை நோயால் வரும் சிறுநீரக பாதிப்பு தொடக்கத்தில் வலிப்பதும் இல்லை, வீங்குவதும் இல்லை என்பதால், தள்ளிப்போடுவது எளிதாகவும் இருக்கிறது.

அதன் முதல் தடயம் சிறுநீரில்தான் தெரியும். ரத்தத்திலேயே தங்க வேண்டிய அல்புமின் என்ற புரதம், பழுதடைந்த வடிகட்டிகள் வழியே கசிகிறது. சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (தசையில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ அல்புமின் இருப்பது மறுபரிசோதனையிலும் உறுதியானால், ரத்தத்தில் கிரியேட்டினின் சரியாக இருந்தாலும் கவனிக்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம் இந்த வடிகட்டிகளை மேலும் கெடுக்கிறது; கெட்ட சிறுநீரகம் அழுத்தத்தை இன்னும் ஏற்றுகிறது. பெரும்பாலான நோயாளிகளுக்கு 130/80-க்குக் கீழே வைத்திருப்பதே இலக்கு.

இந்நோயில் மருத்துவர் எடுக்கும் முடிவுகளில் பல எண்களை வைத்தே எடுக்கப்படுகின்றன. எண்களைத் தொலைவிலிருந்தும் பார்க்க முடியும். கைபேசி வழியே மருத்துவரிடம் ஆலோசனை பெற, மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2019 முதல் இருக்கிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை தருகிறார்கள்.

ஆனால் எண் தவறாக இருந்தால் ஆலோசனையும் தவறாகத்தான் அமையும்.

[காட்சி: திருத்துறைப்பூண்டி அருகே ஒரு வீட்டுத் திண்ணை]

இந்தக் காட்சியில் வரும் அம்மா, வரப்பில் நடந்து வந்த கையோடு, காலைத் தொங்கவிட்டபடி திண்ணையில் உட்கார்ந்து, ஜாக்கெட் கையின் மேலேயே பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றிக்கொண்டு மகளிடம் பேசிக்கொண்டே அளக்கிறார்: 158/92. பிறகு முதுகு சாயும் நாற்காலியில், பாதங்கள் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, வெறும் கையில், பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்குமாறு அளக்கிறார்: 138/84. முதல் எண் மட்டும் மருத்துவருக்குப் போயிருந்தால் தேவையில்லாமல் மாத்திரையைக் கூட்டியிருக்கக்கூடும். ஆலோசனைக்கு முந்தைய ஏழு நாட்களும் காலையில் மாத்திரைக்கும் காப்பிக்கும் முன்பும், மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். மணிக்கட்டுக் கருவியைவிட மேற்கைக் கருவியே நம்பகமானது.

காணொளியில் மருத்துவர் கால் வீக்கத்தையும் ஓரளவு பார்க்க முடியும். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது மகள் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுக்கிறாள். விழுந்த குழி உடனே மறையவில்லை என்றால் உடலில் நீர் தங்கியிருக்கலாம்.

அடுத்து உணவு. 1930-ல் உப்பெடுத்துப் போராடிய மண்ணில் உப்பைக் குறையுங்கள் என்று சொல்வது சற்றுச் சங்கடம்தான். இருந்தாலும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். சோடியம் குறைந்தது என்று விற்கும் மாற்று உப்பில், பலவீனமான சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாத பொட்டாசியம் இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

நாற்று நட்ட முதுகுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் பலவீனமான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். பலர் அதை மருந்தாகவே கருதாததால் மருத்துவரிடம் சொல்வதும் இல்லை. சாப்பிடும் எல்லா அட்டைகளையும் கேமரா முன்னால் காட்டிவிடுங்கள்.

டெல்மிசார்டான், எனலாப்ரில் போன்றவை பிரஷரைக் குறைப்பதோடு புரதக் கசிவையும் குறைக்கின்றன. அவற்றைத் தொடங்கினாலோ அளவைக் கூட்டினாலோ, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். அதற்குப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகத்தான் வேண்டும். வாந்தியோ பேதியோ வந்தால் எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது என்பதை முன்கூட்டியே கேட்டு அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நினைவுக் குழப்பம், சிறுநீர் மிகவும் குறைந்துபோதல் ஆகியவற்றில் எது வந்தாலும் காணொளி அழைப்புக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.