குருசடைத் தீவின் பவளமும் நம் புல்வெளியும்

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு வணக்கம். ஏழாயிரம் அடி உயரத்தில் அமர்ந்து பவளப்பாறைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வட்டக்கானல் பக்கம் புல்வெளியில் வாட்டில் என்ற அயல் மரத்தின் கன்றுகளைப் பிடுங்கியவர்களுக்கு இது அந்நியமான பேச்சாக இராது.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே வரிசையாகக் கிடந்த 21 சிறு தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-ஆம் ஆண்டு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவித்த பின்னரும் சில காலம் பவளப்பாறைகளைப் பெயர்த்துச் சுண்ணாம்புக்காகப் படகு படகாகக் கொண்டுசென்றார்கள். 2001-இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், யானைக்கும் புலிக்கும் நிகராகச் சேர்க்கப்பட்டன. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன.

வெட்டுகிறவரைச் சட்டம் தடுக்கும். படர்ந்து வருவதைத் தடுக்காது. பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவில் நேர்ந்தது அதுதான். பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த கப்பாஃபைக்கஸ் என்ற பாசி, உணவுப் பொருள்களைக் கெட்டியாக்கும் பசைக்காக நம் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்பட்டு, பின்னர் அத்தீவின் பவளங்கள் மீது படர்ந்தது. பாம்பன் கரையில் ஒதுங்கிய ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். விரல் நீளம்தான்; ரப்பரைப் போல் வழுவழுப்பாக இருந்தது, வளைத்ததும் படக்கென்று முறிந்தது. முறிந்த ஒவ்வொரு துண்டும் தனியே வளரக்கூடியது. பவளம் என்பது பாறையன்று, உயிர். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு சமைத்துத் தருவதே அதற்குப் பெரும்பங்கு உணவு. மேலே பாய் விரித்தாற்போல் கப்பாஃபைக்கஸ் மூடிக்கொண்டால், பவளம் வெயிலின்றிப் பட்டினி கிடந்து சாகும்.

தோல் பதனிடும் பட்டைக்கென்று மலைக்கு வந்த வாட்டிலும் இப்படித்தான் நம் புல்வெளியை மூடியது. பாசி வளர்த்துப் பிழைக்கும் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வாட்டில் விறகு எரிக்காத அடுப்பு நம் ஊரிலும் குறைவு.

கடல் சூடேறி 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்தபோது, தீவில் நின்றவர்களால் அந்தச் சூட்டைத் தணிக்க இயலவில்லை. ஆனால் பாசியைக் கையால் அகற்ற இயலும். வனத்துறை அகற்றியும் இருக்கிறது. ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி படரும் என்பதால், எடுத்த இடத்துக்கே ஆண்டுதோறும் திரும்பப் போக வேண்டும். மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் கடலோரப் பெண்களைவிட அந்த வேலை தெரிந்தவர் எவருமில்லை. அவர்களுக்கு நிலையான கூலி ஒதுக்குவதே பூங்காவின் முதற்செலவாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாட்டிலை வேரோடு பிடுங்கிய மேட்டிலும், மண்ணில் கிடந்த விதை அடுத்த மழைக்கே முளைத்து நிற்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.