மேல் இலை என்றால் எந்த இலை?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

நம் டெல்டா மாவட்டங்களில் பயிற்சிக்குப் பஞ்சமே கிடையாது. பேனர், டீ, வடை, கையெழுத்து வாங்க ஒரு ரிஜிஸ்டர், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. அழைப்பிதழில் பயிற்சியின் நோக்கம் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். 'தழைச்சத்து மேலாண்மை குறித்து விவசாயிகளிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' என்கிற மாதிரி. தழைச்சத்து என்றால் நைட்ரஜன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவருக்கு விழிப்புணர்வு ஏற்பட்டுவிட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? அவர் தலையாட்டியதை வைத்தா?

பயிற்சிகளை வடிவமைப்பதுதான் என் தொழில். இந்த ஒற்றை வரியை எப்படி எழுதுவது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். பள்ளிப் பாடப்புத்தகங்களில் ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் 'கற்றல் நோக்கங்கள்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான்.

ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962இல் இதற்கு ஒரு வழி சொன்னார். நோக்கத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். கற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி என்ன செய்வார், எந்த நிலைமையில் செய்வார், எவ்வளவு சரியாகச் செய்தால் போதும். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பி.எட். படித்த எல்லோரும் பரீட்சைக்கு எழுதிவிட்டுத்தான் வந்திருப்பார்கள். ஆனாலும் அழைப்பிதழ் வரி மாறவில்லை. காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. வேலையைப் பிரித்துப் பார்க்காதவரால் அந்த மூன்றையும் எழுதவே முடியாது. வேலையைப் பிரித்துப் பார்ப்பதைத்தான் பணிப் பகுப்பாய்வு என்கிறோம். நோக்கம் எழுதுவதற்கு முன்னால் வரவேண்டியது அது.

இலை வண்ண அட்டையை எடுத்துக்கொள்வோம். வெளிர் பச்சையில் ஆரம்பித்துக் கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் அட்டை. நெல் இலையை அதன்மேல் வைத்து நிறத்தை ஒப்பிட்டு, யூரியா போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது. ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

திருவிடைமருதூர் பக்கம் ஒரு சம்பா வயலில், இதைப் பல வருஷமாகச் செய்துவரும் ஒரு அம்மாவைப் பின்தொடர்ந்து போனேன். "எந்த இலையம்மா பார்க்கணும்?" என்று கேட்டேன். "இதுல என்ன இருக்கு தம்பி, மேல் இலைதான்" என்றார். கையைப் பார்த்தால் வேறு கதை. உச்சியில் சுருண்டிருந்த குருத்தை விரல் தாண்டிப் போனது. அதற்கு அடுத்து, முழுசாக விரிந்த இலையைப் பிடித்தது. நுனியையும் விட்டு, அடியையும் விட்டு, நடுப்பாகத்தை அட்டையில் வைத்தார். இலையைக் கிள்ளவில்லை. வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தன் நிழல் அட்டைமேல் விழும்படி பார்த்துக்கொண்டார். இதில் ஒன்றைக்கூட அவர் வாயால் சொல்லவில்லை. மறைக்கிறார் என்பதல்ல, கை பழகிய பிறகு அதெல்லாம் சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றாது. கைதேர்ந்தவரை மேடையேற்றிப் பேசச் சொல்லிவிட்டு, பயிற்சி முடிந்தது என்று நினைப்பதில் உள்ள சிக்கல் இதுதான். பகுப்பாய்வு செய்கிறவர் கேட்பதைவிடக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, "இப்ப ஏன் திரும்பி நின்னீங்க?" என்று கேட்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் அசைவுகளோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முடிவெடுக்கும் இடங்களும் உண்டு. பத்து இலை பார்க்க வேண்டும். அதில் ஆறு அல்லது அதற்கு மேல் வரம்பு எண்ணுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து இட வேண்டும். அந்த வரம்பு வெள்ளைப் பொன்னிக்கு மூன்று, மற்ற ரகங்களுக்கு நான்கு. நிறம் மூன்றாம் பட்டைக்கும் நான்காம் பட்டைக்கும் நடுவில் விழுந்தால் மூன்றரை என்று எழுதிக்கொள்ள வேண்டும். நோய் தாக்கிய நெற்குத்தில் பார்க்கக்கூடாது. துத்தநாகக் குறையால் வெளிறிய பயிராக இருந்தால் அட்டை சொல்வதை நம்பி யூரியாவைக் கொட்டக்கூடாது. பயிற்சியில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்.

அடுத்தது கணக்கு. சம்பா, தாளடிப் பருவங்களுக்கு ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து. ஆக, ஏக்கருக்கு ஏறத்தாழ 26 கிலோ யூரியா. நம் ஊரில் யார் ஹெக்டேரில் பேசுகிறார்கள்? 'அஞ்சு மா வச்சிருக்கேன்' என்பார்கள். மூன்று மா ஒரு ஏக்கர், அப்படியென்றால் மாவுக்குச் சுமார் ஒன்பது கிலோ. நிறம் பார்க்கத் தெரிந்தவர் இந்தக் கணக்கில் தடுக்கி விழுந்தால், பயிற்சி தந்த பலன் வரப்போடு நின்றுவிடும். ஒரு வேலைக்கு அடியில் என்னென்ன திறமை ஏற்கெனவே இருந்தாக வேண்டும் என்று கீழே கீழே தோண்டிப் போகும் முறையை ராபர்ட் காக்னே என்ற உளவியலாளர் முன்வைத்தார். தோண்டினால் இப்படி மா கணக்கில் வந்து முட்டும்.

எவ்வளவு தூரம் தோண்டுவது? வரப்பில் எப்படி நடப்பது என்பதிலிருந்தா? ஆனெட், டங்கன் என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1967இல் இதற்கு ஒரு அளவுகோல் தந்தார்கள். அந்தப் படியில் தவறு நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு நட்டம் என்று சேர்த்துப் பார். இரண்டும் சேர்ந்து பெரிதாக இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள். இவ்வளவு பயனுள்ள ஒரு விதியை நம் பயிற்சிக் கையேடுகளில் அதிகம் காணமுடிவதில்லை. அட்டையைப் பையிலிருந்து எடுப்பதற்கு விளக்கம் தேவையில்லை. குருத்துக்குப் பதில் விரிந்த இலை என்பதற்குத் தேவை. குருத்து வெளிறித்தான் இருக்கும். அதைப் பார்த்து யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் கொழுத்து இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் வந்து உட்காரும், ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் சாயும்.

இப்போது நோக்கத்தை எழுதிப் பார்ப்போம். 'நட்ட பதினான்கு நாளுக்கு மேலான தன் வயலில், காலை வேளையில், இலை வண்ண அட்டையைக் கொண்டு பத்து இலைகளைப் பார்த்து, யூரியா இடவேண்டுமா என்று பங்கேற்பவர் முடிவு செய்வார்; அந்த முடிவும், தன் நிலத்துக்கு அவர் சொல்லும் கிலோ கணக்கும் பயிற்றுநரின் முடிவோடு ஒத்திருக்கும்.' நீளமான வாக்கியம்தான், பேனரில் அடங்காது. ஆனால் இதை எழுதியவுடன் மற்றதெல்லாம் தானாக விழும். பயிற்சி கல்யாண மண்டபத்தில் நடக்கக்கூடாது, மத்தியானம் நடக்கக்கூடாது, ஆளுக்கொரு அட்டை வேண்டும். தேர்வு என்று தனியாகக் கேள்வித்தாள் எதற்கு? பயிற்றுநரும் அவரும் ஒரே வயலில் தனித்தனியாகப் பார்த்துவிட்டு வந்து எண்ணைச் சொன்னால் தீர்ந்தது.

எல்லாப் பயிற்சிக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரு திட்டத்தின் கடைசித் தேதியைச் சொல்ல ஒரு குறுஞ்செய்தி போதும்.

வானொலிக்கும் இதே கணக்குத்தான். 1960களில் ஆடுதுறை 27 ரகத்தைத் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே பரப்பியதில், தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. புது ரகம் வந்திருக்கிறது, எப்போது விதைப்பது, எத்தனை நாள் பயிர் என்பதெல்லாம் காதால் கேட்டு நடக்கக்கூடியவை. பத்தில் ஆறு என்ற விதியையும் மாவுக்கு ஒன்பது கிலோ என்பதையும் இப்போது நான் சொல்ல, நீங்கள் குறித்துக்கொள்ளலாம். மூன்றாம் பட்டைக்கும் நான்காம் பட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை என்னால் இங்கிருந்து காட்ட முடியாது. அதற்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, ஒரு காலை நேரம் யாரையாவது வயலுக்கே வரச்சொல்லுங்கள். வந்தவர் வரப்பில் நின்று பேசிக்கொண்டே இருந்தால், அட்டையை உங்கள் கையில் வாங்கிக்கொண்டு வயலில் இறங்கிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.