ஜேசிபி நிக்கும்போது மீட்பு வண்டி எதுக்கு? மேலூர் தம்பியின் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மேலூர்லருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. கொஞ்சம் கோவமாத்தான் கேட்டிருக்காரு, அப்படியே வாசிச்சுர்றேன். "அண்ணே, எங்க ஊர் தாண்டி நாலுவழிச்சாலையில ஒரு லாரி முன்னாடி நின்ன லாரியில மோதிருச்சு. டிரைவர் உள்ள மாட்டிக்கிட்டாரு. பக்கத்துலயே ஜேசிபி நின்னுச்சு. தீயணைப்புலருந்து ஒரு பெரிய வண்டி வந்துச்சு, அதுல தண்ணிகூட இல்ல. இறங்குனவங்க மொதல்ல கட்டையை எடுத்து அடுக்கிட்டு இருந்தாங்க. ஆளை வெளிய எடுக்க முக்கால் மணி நேரம். ஜேசிபியை விட்டு இழுத்திருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்காதா?"

முடிஞ்சிருக்கும் தம்பி. அஞ்சு நிமிசத்துல அந்த டிரைவரே முடிஞ்சிருப்பாரு.

சிரிக்கச் சொல்லல. நான் தீயணைப்பு சர்வீஸ்ல இருந்தப்ப இதே மாதிரி ஒரு கேஸ். நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள கேபின்ல சங்கிலியைக் கட்டி இழுத்துட்டாங்க. நல்ல மனசோடதான் இழுத்தாங்க. ஆனா டிரைவர் காலு கிளட்ச் பெடலுக்கும் நசுங்கிப்போன தகரத்துக்கும் நடுவுல இருந்துச்சு. கேபின் ஒரு பக்கம் வந்துச்சு, காலு வரல. அதுக்கு மேல சொல்ல வேண்டாம்.

தண்ணி இல்லேன்னு சொன்னீங்கள்ல, அதை மொதல்ல முடிச்சுருவோம். தீயை அணைக்கிற தண்ணி வண்டி வேற, மீட்பு வண்டி வேற. மீட்பு வண்டியில தொட்டி இருக்காது, இருந்தாலும் பேருக்குக் கொஞ்சம்தான். அந்த இடம் பூராம் சாமான். ரெண்டு பக்கமும் ஷட்டரைத் தூக்குனா தட்டுத் தட்டா இருக்கும், பாத்திரக்கடை மாதிரி. ஜெனரேட்டர், மேல நீளுற லைட் கம்பம், முன்னாடி கம்பியைச் சுத்தி இழுக்கிற வின்ச், கயிறு, கான்கிரீட் அறுக்கிற ரம்பம், எல்லாம். எந்தத் தட்டுல என்ன இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுக்கத் தெரியணும். டீசல் சிந்திக் கிடந்தா தண்ணி வண்டியும் கூட வந்து ஹோஸை விரிச்சுத் தயாரா நிக்கும்.

இப்ப அந்தக் கட்டைக்கு வருவோம். வண்டியிலயே விலை கொறஞ்ச சாமான் அதுதான். நான் மொதல்ல கையை வைக்கிறதும் அதுலதான். மோதுன லாரி அசையாம நிக்குதுன்னு உங்களுக்குத் தோணும். அது டயர் மேலயும் ஸ்பிரிங் பட்டை மேலயும் நிக்குது தம்பி. ஒருத்தன் ஏறுனா ஆடும், இறங்குனா ஆடும். உள்ள இருக்கிறவருக்கு முதுகெலும்பு ஒடிஞ்சிருந்தா ஒவ்வொரு ஆட்டமும் அவர் தண்டுவடத்துல போய் விழும். அதனால சேஸிஸுக்கு, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துக்கு அடியில கட்டையைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கி, கடைசி இடுக்குல ஆப்பு அடிச்சு இறுக்கணும். ஆமா, நிஜமாவே ஆப்புதான். எங்க செட்ல புதுசா வர்ற பசங்க கேப்பாங்க, தேக்கு, கருவேலம்னு உறுதியா வாங்கலாம்லண்ணேன்னு. வாங்கக்கூடாது. ரொம்ப உறுதியான மரம் பாரம் தாங்காட்டி சொல்லாம கொள்ளாம பொளந்துரும். பைன் மாதிரி மரம் பைய நசுங்கும், நசுங்கும்போது முனகும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் நாங்க கையை இழுக்க முடியும்.

கட்டை வச்சாச்சு. அடுத்து ஹைட்ராலிக் செட், எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யிற சாமான். விரிக்கிறதுக்கு ஸ்பிரெட்டர், வெட்டுறதுக்கு கட்டர், தள்ளுறதுக்கு ராம். ஸ்பிரெட்டர் மொதல்ல அமெரிக்காவுல கார் ரேஸ்ல மாட்டுறவங்களை எடுக்கச் செஞ்சது. லாரி டயர்ல காத்தோட அழுத்தம் 8 பார் இருக்கும்னு வச்சுக்கங்க, இந்த ஹோஸுக்குள்ள ஓடுற எண்ணெயோட அழுத்தம் 700 பார் பக்கம். ஆனா இதுல எனக்குப் பிடிச்சது பலம் இல்ல. விரலை எடுத்தா அந்த இடத்துலயே நின்னுரும். ஜேசிபி ஓட்டுற தம்பி எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் அரை இஞ்ச் நகர்த்தி நிறுத்த முடியாது. இதுல முடியும். ஆளைப் பிடிச்சு இழுக்கிற வேலையே கெடையாது. கதவு கீலைப் பொளந்து கதவைக் கழட்டுறது, ராமை வச்சு டேஷ்போர்டை முன்னாடி தள்ளுறது, பெடலை அறுக்கிறது. ஆளு இருந்த இடத்துலயே இருப்பாரு, அவரைச் சுத்தி இருக்கிற இரும்பைத்தான் ஒவ்வொண்ணா எடுக்கிறோம்.

காரா இருந்தா இன்னொரு தலைவலி. ஏர்பேக் விரியாம இருந்தா, வேலை நடக்கும்போது பட்டுன்னு விரிஞ்சு எங்க ஆளு மூஞ்சியிலயே அடிக்கும். அதனால மொதல்ல பேட்டரியில நெகட்டிவைக் கழட்டணும். கழட்டுனதும் ஆபத்து போயிருச்சுன்னும் இல்ல, கொஞ்ச நேரத்துக்கு ஏர்பேக் கருவிக்குள்ள கரண்ட் மிச்சம் இருக்கும். பக்கவாட்டு ஏர்பேக்குக்கு கூரை ஓரத்துலயோ தூண்லயோ சின்னதா ஒரு கேஸ் உருளை ஒளிஞ்சிருக்கும். உள் பிளாஸ்டிக்கைப் பேத்துப் பாக்காம அங்க கட்டரை வச்சீங்கன்னா வெடிச்சுரும்.

ஆளு வண்டிக்கு அடியில மாட்டுனா, வண்டியைத் தூக்க எங்ககிட்ட இருக்கிற காத்துப்பை. ஒரு இஞ்ச் தடிமன்ல சதுரமா ரப்பர் பாய் மாதிரி இருக்கும். அதுல ஏத்துறது பஞ்சர் கடையில லாரி டயருக்கு ஏத்துற அளவு காத்துதான், அதே 8 பார். அரை மீட்டருக்கு அரை மீட்டர் பைன்னா 2,500 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ. பெருக்கிப் பாருங்க, 20 டன் வரும். ஆனா அது பை தட்டையா இருக்கிற வரைக்கும்தான். பூரி மாதிரி உப்ப ஆரம்பிச்சுட்டா நடுமேடு மட்டும்தான் வண்டியைத் தொடும், தூக்குற பலம் மளமளன்னு இறங்கிரும். வழுக்கவும் செய்யும். அதனால ஒரு இஞ்ச் தூக்குனா ஒரு இஞ்ச் கட்டை. மறுபடியும் கட்டைதான், பாத்துக்கங்க.

முக்கால் மணி நேரத்துல முக்கியமான ஒண்ணு உங்க கண்ணுல பட்டிருக்காது. தொடை மாதிரி பெரிய சதை ரொம்ப நேரம் நசுங்கிக் கெடந்தா அதுக்குள்ள பொட்டாசியமும் சதை செத்த கழிவும் தேங்கிரும். பாரத்தைத் தூக்குன உடனே அதெல்லாம் ரத்தத்துல கலந்து இதயத்துக்குப் போகும். அதுவரை நல்லாப் பேசிட்டு இருந்த ஆளு, வெளிய எடுத்ததும் போயிருவாரு. நேரம் ஆக ஆக ஆபத்து கூடும். அதனால 108 ஆளுங்க உள்ள கையை விட்டு ட்ரிப் ஏத்தி, சரின்னு சொன்ன பெறகுதான் நாங்க கடைசி இரும்பை எடுப்போம். வெளிய நிக்கிறவங்களுக்கு 'சும்மா நிக்கிறானுங்க'ன்னு தோணும்.

நம்ம பக்கம் இந்த வண்டிக்கு கிணத்து வேலையும் நெறைய. மாடு விழுந்தா கயிறு வயித்தை அறுத்துரும், பழைய கேன்வாஸ் ஹோஸைச் சுத்தித்தான் தூக்குவோம். பாழுங்கிணறுன்னா விஷவாயு இருக்கான்னு கேஸ் மீட்டரை விட்டுப் பாக்காம, மூச்சு செட் மாட்டாம யாரும் இறங்கக்கூடாது. ஒருத்தரைத் தூக்க இறங்கி மூணு பேர் போன கதையெல்லாம் இருக்கு.

இந்த வண்டியால ஆகாததும் இருக்கு. மதுரை மாசி வீதிக்குள்ள பக்கத்துச் சந்துக்கு இது திரும்பவே திரும்பாது. வெளிய நிறுத்திட்டு சாமானைத் தோள்ல தூக்கிட்டு ஓடணும். 2020 தீபாவளி அன்னைக்கு விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவுல தீயை அணைக்கப் போன எங்க ஆளுங்க ரெண்டு பேரு, பழைய கட்டடம் இடிஞ்சு விழுந்து இறந்துட்டாங்க. தீயில வெந்து தண்ணி குடிச்ச பழைய சுவர் எப்ப உக்காரும்னு எந்த மெஷினும் உறுதியாச் சொல்லாது.

ஜேசிபியே வேண்டாம்னு நான் சொல்லல தம்பி. நாங்களே கூப்பிடுவோம். முன்னாடி நின்ன லாரி நகராமப் பிடிக்க, சரிஞ்ச சரக்கை ஒதுக்க, ஆளை எடுத்த பெறகு ரோட்டை விட்டு வண்டியை இழுக்க. அதுவரைக்கும் பக்கெட்டை தரையில இறக்கி இஞ்சினை ஆஃப் பண்ணி நிக்கட்டும். அந்த இஞ்சின் சத்தத்துல கட்டை முனகுறது எங்களுக்குக் கேக்காது.