அண்ணனுக்கு 145, தம்பிக்கு 240: ஒரே சமையலில் எல்டிஎல் ஏன் மாறுகிறது?

[திரையில்: ஒரு கூடை முட்டை]

1991-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு முதியவரைப் பற்றிய கட்டுரை வந்தது. வயது 88. பதினைந்து வருடமாவது தினமும் சுமார் 25 முட்டை சாப்பிட்டவர். ஆனாலும் ரத்தக் கொலஸ்ட்ரால் சாதாரண அளவிலேயே நின்றது. சோதித்ததில் காரணம் தெரிந்தது. முட்டையில் வந்த கொலஸ்ட்ராலில் 18 சதவீதத்தைத்தான் அவருடைய குடல் உறிஞ்சியது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய பாதி உள்ளே போகும். போனதையும் அவருடைய கல்லீரல் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பித்த அமிலமாக மாற்றித் தள்ளியது. இவரைக் காட்டி "முட்டைக்குக் கணக்கே கிடையாது" என்று பேசுபவர்கள் உண்டு. அந்தக் குடலும் கல்லீரலும் வாய்த்தவர்களுக்கு அது சரிதான்.

[திரையில்: கல்லீரல் செல், மேற்பரப்பில் ஏற்பிகள்]

இப்போது ஒரே வீட்டுக் குழம்பில் வளர்ந்த அண்ணன் தம்பியைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணனுக்கு எல்டிஎல், அதாவது "கெட்ட கொலஸ்ட்ரால்", டெசிலிட்டருக்கு 145 மில்லிகிராம்; தம்பிக்கு 240.

ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுப்பது கல்லீரல் செல்களின் மேலிருக்கும் ஏற்பிகள். ஒரு ஏற்பி ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய், சரக்கை இறக்கிவிட்டு, மறுபடி மேலே வரும். அதன் ஆயுள் சுமார் 20 மணி நேரம். அதற்குள் நூறு நடைக்கு மேல் அடித்துவிடும். இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பியைச் செய்யும் ஜீன் நமக்கு இரண்டு பிரதி: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. தம்பிக்கு அதில் ஒன்று பழுது. பாதி ஏற்பிகள்தான் வேலை செய்கின்றன. பரம்பரை உயர் கொலஸ்ட்ரால் என்கிற இந்த நிலை சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அவர் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு.

[திரையில்: எண்ணெய் பாட்டில்கள்]

சாப்பாடு வந்து சேர்வதும் இதே இடத்தில்தான். நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் கல்லீரல் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. எண்ணெய் பாட்டிலில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தும் அளவுக்குக் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டியில் சுமார் 23 கிராம், கடலை எண்ணெயில் அதே அளவுக்கு 5 கிராம். எல்டிஎல்லைக் குறைக்க நினைப்பவர்கள் 2000 கலோரிச் சாப்பாட்டில் 15 கிராமுக்குள் நிற்பது நல்லது. பால், நெய், கறி எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

கூடவே இசப்கோல் உமி தினம் 10 கிராம். முதல் வாரம் ஒரு தேக்கரண்டியோடு தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் வேண்டும். இல்லையென்றால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்து எல்டிஎல் 15 சதவீதம் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் 123-க்கு வருவார். பெரும்பாலும் அவருக்கு அதுவே போதும். தம்பி 204-ல் நிற்பார். அது அவருடைய நாக்கின் குற்றமல்ல. ஸ்டாட்டின் மாத்திரை ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டும். அவருக்கு அது தேவை, பத்தியமும் தொடர வேண்டும். "இன்னும் ஆறு மாதம் பத்தியம் இருந்து பார்க்கிறேன்" என்று தள்ளிப்போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

ஏபோ-ஈ என்ற இன்னொரு ஜீனும் உண்டு. ஈ-4 வகை உள்ளவர்களுக்கு நெய், வெண்ணெய் சாப்பிட்டால் எல்டிஎல் சராசரியாகக் கொஞ்சம் அதிகம் ஏறும். இதற்காகக் காசு கொடுத்து ஜீன் பரிசோதனை செய்யத் தேவையில்லை. ஆறு வாரம் எண்ணெயை மாற்றிச் சமைத்து, அதே லேபில் மறுபடி பாருங்கள். காய்ச்சல் வந்த வாரத்தில் மட்டும் ரத்தம் கொடுக்காதீர்கள்; எல்டிஎல் பொய்யாகக் குறைந்து காட்டும். தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும் என்பதால் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

[திரையில்: சோறு நிறைந்த தட்டு]

ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடின் போக்கு வேறு. எண்ணெயை அறவே நிறுத்திவிட்டு, பசிக்கு இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொள்பவர்களுக்கு இது ஏறும், "நல்ல கொலஸ்ட்ரால்" எனப்படும் எச்டிஎல் இறங்கும். மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடுவதே காரணம். சர்க்கரையும் மதுவும் இன்னும் மோசம். ஆனால் எல்டிஎல், எச்டிஎல், ட்ரைகிளிசரைடு மூன்றிலும் சாப்பாட்டுக்கு அதிகம் அசைந்துகொடுப்பதும் ட்ரைகிளிசரைடுதான்.

ரிப்போர்ட்டில் ஒரு சங்கதி: பல லேப்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது; நேரடி அளவீடு கேளுங்கள்.

கடைசியாக லிப்போபுரதம்-ஏ: எல்டிஎல்லைப் போன்ற இன்னொரு கொழுப்புத் துகள். இது ஏறக்குறைய முழுக்க ஜீனின் வேலை. எந்தப் பத்தியத்துக்கும் பெரிதாக அசையாது. வழக்கமான லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் வராது, தனியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்த எண்ணை இறக்கப் போராடாமல், எல்டிஎல்லை வழக்கத்தைவிடக் கீழே வைக்க வேண்டும்.

தம்பியின் பிள்ளைகளுக்கு லிப்பிட் பரிசோதனையைச் சின்ன வயதிலேயே செய்துவிடலாம்.