எடை எந்தக் காலில்?

நேயர்களுக்கு வணக்கம்.

2015 மே 6, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானம், சாம்பியன்ஸ் லீக் கால்பந்துத் தொடரின் அரையிறுதி. பந்தோடு வந்த மெஸ்ஸி இடது பக்கம் உள்ளே வெட்டப் போவதுபோலச் சாய்ந்து, வலது பக்கம் போனார். பயர்ன் மியூனிக்கின் தடுப்பாட்டக்காரர் போவாட்டெங் திரும்ப முயன்று, தடுமாறித் தரையில் விழுந்தார். உடல் எடையைத் தாங்கி நிற்கும் காலைத் தூக்கி உடனே அடுத்த அடி வைக்க யாராலும் முடியாது. ஒத்தைக்கு ஒத்தை நின்று தடுப்பாட்டக்காரரைக் கடக்கும்போது, அவருடைய எடையைத் தவறான காலில் இறக்க வைப்பதுதான் உங்கள் வேலை. பந்து அதற்கு ஒரு சாக்கு.

அவரை நெருங்கும்போது முழு வேகம் வேண்டாம். முக்கால் வேகம் போதும். பந்து காலிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும், அடிக்கு அடி ஒரு சின்னத் தொடுதல். அவர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். நல்ல டிஃபெண்டர் நேராக நிற்க மாட்டார். ஒரு கால் முன்னால், உடல் பக்கவாட்டில். முன்னால் இருக்கும் கால் எதுவோ, அந்தப் பக்கமாகப் போனால் அவர் இடுப்பை முழுக்கத் திருப்பியாக வேண்டும். அதற்குள் நீங்கள் இரண்டு அடி போயிருப்பீர்கள்.

ஏமாற்றும் அசைவை ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்தில் தொடங்குங்கள். அதைவிட நெருங்கினால் காலை நீட்டிப் பந்தைத் தட்டிவிடுவார். மூன்று மீட்டரில் தொடங்கினால் சுதாரித்துக்கொள்வார். வலது பக்கம் போவதானால், இடது காலைப் பந்துக்கு வெளியே அகலமாக வைத்து, முழங்காலை மடக்கி, இடது தோளை இறக்குங்கள். பந்தைத் தொடக் கூடாது. அவர் எடை அந்தப் பக்கம் சாய்ந்ததும், வலது காலின் வெளிப்புறத்தால் பந்தை அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிவிட்டுப் பாயுங்கள். முழு வேகம் இப்போதுதான்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். அசைவை மின்னல்போலச் செய்கிறார்கள். அவர் நம்புவதற்கே நேரம் கொடுப்பதில்லை. அல்லது முதல் அசைவிலேயே அவர் சாய்ந்துவிட்ட பிறகும், ஆசைக்கு இன்னொன்று போட்டு அவரை நிமிர விடுகிறார்கள். கடந்த பிறகும் ஓரமாகவே ஓடாதீர்கள். அவர் ஓடிவரும் பாதையில் குறுக்கே வெட்டினால் அவர் உங்கள் முதுகுக்குப் பின்னால். பந்தை எடுக்க ஃபவுல் செய்ய வேண்டியதுதான்.

1958, 1962 உலகக் கோப்பைகளை வென்ற பிரேசில் அணியின் கரிஞ்சா பெரும்பாலும் வலது ஓரமாகத்தான் போவார். எதிரணிக்கும் அது தெரியும். எப்போது கிளம்புவார் என்பதுதான் தெரியாது. பத்து வித்தைகளை அரைகுறையாகப் பழகுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

சொந்தக் கோல் பகுதிக்கு அருகே இந்த விளையாட்டு வேண்டாம், பந்தை அணித் தோழருக்குக் கொடுத்துவிடுங்கள்.

பயிற்சிக்குக் கோன்களை வரிசையாக வைத்து வளைந்து ஓடினால் கால் பழகும், அவ்வளவுதான். கோனுக்கு எடை சாயாது. பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலத்தில் கட்டம் போட்டு, எதிரே ஒரு ஆளை நிறுத்துங்கள். பத்து விநாடிக்குள் எதிர்க்கோட்டைக் கடக்க வேண்டும். ஒருவருக்கு எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே நாற்பது விநாடி ஓய்வு. களைத்த காலோடு செய்தால் அந்தக் கடைசிப் பாய்ச்சல் பழக்கத்துக்கு வராது.